குழாய் ஸ்பீக்கரில் கேட்காத பாதி

ஓர் இசைக்கலைஞருக்கு ஒருவர் எப்படி ரசிகராகிறார் என்ற கேள்வியை இன்று உங்கள் முன் வைக்கிறேன். ஒரே பாட்டைக் கேட்டு ஒரே நாளில் மயங்கிப்போனதாகச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்படியும் நடக்கும்தான். ஆனால் இருபது முப்பது ஆண்டுகள் கழித்தும் தேயாமல் நிற்கிற பற்று பெரும்பாலும் அப்படி வருவதில்லை. அது மெல்ல மெல்ல வருகிறது. வருவதற்குக் காரணம் ரசிகரின் விசுவாசம் அன்று. கேட்கக் கேட்க அவருடைய காது வளர்கிறது. வளர்ந்த காதுக்கும் கொடுக்க அந்தப் பாட்டில் ஏதோ மிச்சம் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஒருவர் முழு ரசிகராகிறார் என்பது என் வாதம். மேலைநாட்டில் ராக் இசைக்கலைஞர்கள்மேல் மக்கள் வைத்த பற்றைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு நிகரான பற்று இந்தத் திண்டுக்கல் சமவெளியில் யார்மேல் வளர்ந்தது என்று கேட்டால், தேநீர்க்கடையில் நிற்பவர்கூட யோசிக்காமல் இளையராஜா என்பார். அவர்மேல் இந்த மண்ணில் வளர்ந்த ரசனையைத்தான் சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

இங்கேயே ஒரு மறுப்பு எழும். இளையராஜா திரைப்பட இசையமைப்பாளர். ராக் இசைக்கலைஞர் என்றால் குழுவாக நின்று, தானே எழுதி, தானே பாடி, மேடையில் கிட்டாரை அலறவிடுபவர். இருவரையும் எப்படி ஒரே தட்டில் வைப்பது? மறுப்பு நியாயமானது. அவரை ராக் கலைஞர் என்று நான் பெயர் சூட்டவில்லை. ஆனால் மின்கிட்டார், பேஸ் கிட்டார், ட்ரம்ஸ் என்று ராக் இசையின் உடம்பாக இருக்கிற மூன்று கருவிகளும் இந்தச் சமவெளி மக்களின் காதில் ஊன்றியது அவர் பாட்டுகளின் வழியாகத்தான். அவருக்கு முன்பே மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் கிட்டாரையும் பாங்கோவையும் மேற்கத்திய தாளங்களையும் அழகாகக் கையாண்டிருக்கிறார். அதை மறைத்துவிட்டு இளையராஜாவைப் புகழ்வது நன்றிகெட்ட செயல். இளையராஜா செய்த புதுமை வேறிடத்தில் இருக்கிறது. தாளத்துக்குத் துணையாகக் கீழே ஒலித்துக்கொண்டிருந்த பேஸ் கிட்டாருக்குத் தனியாக ஒரு மெட்டு எழுதிக் கொடுத்தார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் பயின்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்வையும் எழுதியவர் அவர். ஒவ்வொரு கருவிக்கும் சுரக்குறிப்பைத் தானே எழுதித் தருகிற பழக்கம் அங்கிருந்து வந்தது. அதனால் அவருடைய பாட்டில் குரல் ஒரு கதை சொல்லும். கீழே பேஸ் கிட்டார் இன்னொரு கதை சொல்லும். நான் பேசப்போகும் ரசனையின் வரலாறு, மக்கள் அந்தக் கீழ்க்கதையை எப்போது கேட்கத் தொடங்கினார்கள் என்பதன் வரலாறு.

தொடக்கத்தைப் பார்ப்போம். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இன்று தேனி மாவட்டம். 1985 செப்டம்பரில் திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை இந்த ஊரும் அந்த ஊரும் ஒரே மதுரை மாவட்டம். அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியபோது ஆர்மோனியத்தோடு உடன் சென்ற சிறுவன்தான் பின்னாளில் இளையராஜா ஆனார். 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தபோது இங்குள்ளவர்கள் அதைக் கேட்ட விதத்தை நினைத்துப் பாருங்கள். திருச்சி வானொலியிலோ இலங்கை வானொலியிலோ மத்திய அலையில் கேட்டார்கள். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ரேடியோ செட்டுக்காரர் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு அது நாற்று நடும்போது பாடுகிற நம்ம ஊர்ப் பாட்டு. ஜானகியின் குரலும் மெட்டும் மனதில் ஏறின. இசையமைத்தவர் யார் என்று அன்றைக்குக் கேட்டவர் சிலர். கருவிகளைப் பிரித்துக் கேட்டவர் அவர்களிலும் குறைவு.

அப்படிப் பிரித்துக் கேட்காததற்கு மக்களின் ரசனைக் குறைவு காரணமல்ல. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. குழாய் ஸ்பீக்கரோ நொடிக்கு 200, 300 அதிர்வுகளுக்குக் கீழே உள்ள ஒலியை ஏறக்குறைய விழுங்கிவிடும். பேச்சும் பாட்டும் நெடுந்தூரம் போக வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட கருவி அது. வயற்காடு தாண்டி அடுத்த ஊர் வரை குரலைக் கொண்டுபோகும், தாழ்ந்த சுரத்தைக் கொண்டுபோகாது. மத்திய அலை வானொலியில் மேல்பக்கமும் வெட்டுப்பட்டுவிடும்: சிம்பலின் சிலிர்ப்பு, கிட்டார் தந்தியை நகம் தொடுகிற ஓசை எதுவும் வந்து சேராது. கையடக்க டிரான்சிஸ்டரின் சின்ன ஸ்பீக்கரில் இரண்டு பக்கமும் நட்டம். ஆக, 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் இந்த மாவட்டத்தில் பெரும்பாலோர் கேட்டது அந்தப் பாட்டுகளின் நடுப்பகுதியை மட்டுமே. ‘மூடுபனி’, ‘ஜானி’, ‘நிழல்கள்’ மூன்றும் 1980இல் வந்தவை; ‘பன்னீர் புஷ்பங்கள்’ 1981. பேஸ் கிட்டாருக்காகவும் கிட்டாருக்காகவும் இன்று இசைக்கலைஞர்கள் எடுத்துப் படிக்கிற படங்கள் இவை. இவற்றின் பாட்டுகளை அன்றே மனப்பாடமாகப் பாடியவர்களின் காதில் பாதி இசை விழவே இல்லை. விழாத பாதி அழிந்துவிடவும் இல்லை. பதிவில் பத்திரமாக இருந்தது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி தன் பேஸ் கிட்டார் இசைத்தட்டில் போதிய அளவு கேட்கவில்லை என்று ஆதங்கப்பட்டார். தாழ்ந்த ஒலி மிகுந்தால் தட்டின் பள்ளத்திலிருந்து ஊசி துள்ளிவிடும் என்று இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர்கள் தயங்கிக்கொண்டிருந்தார்கள். 1966இல் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ பாட்டில் ஒரு ஸ்பீக்கரையே மைக்காக மாற்றி அந்த ஒலியை உயர்த்திப் பதிவு செய்தார்கள். கருவி மாறினால் கேட்பவரின் காதும் மாறும் என்பதற்கு அது நல்ல சான்று.

இங்கே அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது கேசட். 1980களில் சிற்றூர்க் கடைத்தெரு வரை ரெக்கார்டிங் சென்டர்கள் வந்தன. வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. அந்தப் பட்டியலை எழுதும் வேலையை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். வானொலி போட்டதைக் கேட்பவர் வெறும் கேட்பவர். பட்டியல் எழுதுகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்க ஒரு கணக்கு வேண்டும். முதலில் அந்தக் கணக்கு நடிகரின் பெயரில் இருந்தது. பிறகு பாடகரின் பெயருக்கு வந்தது. பிறகு ‘ராஜா பாட்டு’ என்று இசையமைப்பாளரின் பெயருக்கு வந்து நின்றது. இசையமைப்பாளரின் முகம் சினிமாச் சுவரொட்டியில் நடிகருக்கு இணையாக அச்சானதும் இந்தக் காலத்தில்தான். 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் படமில்லை, நடிகரில்லை, பாடுகிறவர்கூட இல்லை. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கிய அந்தக் கருவியிசையைத் தமிழ்நாட்டுக் கேசட் கடைகளில் கேட்டு வாங்கினார்கள். பத்தாண்டுகளுக்கு முன் ‘அன்னக்கிளி’யைக் குரலுக்காகக் கேட்ட அதே மக்கள்தான் குரலே இல்லாத இசையைக் காசு கொடுத்து வாங்கினார்கள். ரசனை படியேறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கேசட்டோடு சேர்த்துப் பேருந்தையும் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கும், வத்தலக்குண்டு வழியாகத் தேனிக்கும், நத்தத்துக்கும் ஓடிய தனியார் பேருந்துகளில் டேப்பும் பெட்டி ஸ்பீக்கரும் வந்தன. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்கு வேலைக்குப் போகிறவரும், நிலக்கோட்டைக்குப் பூ கொண்டுபோகிறவரும், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிறவரும் நாள் தவறாமல் அந்த இருக்கையில் உட்கார்ந்தார்கள். பெட்டி ஸ்பீக்கரில் தாழ்ந்த சுரம் கேட்கும். இருக்கையின் கம்பி வழியாக உடம்பிலேயே உறைக்கும். ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வில் சந்திரசேகர் வாசித்த கிட்டார் துல்லியமாக எட்டியதும், ட்ரம்ஸில் புருஷோத்தமனின் கை எங்கே விழுகிறது என்று பிடிபட்டதும் இப்படிப்பட்ட பயணங்களில்தான். தெரிந்த பாட்டில் தெரியாத ஒன்று கேட்கும்போது வருகிற வியப்புக்குத் தனிப் பலம் உண்டு. புதுப்பாட்டு தருகிற மகிழ்ச்சி வேறு. இத்தனை நாள் இது இங்கேதான் இருந்ததா என்று கேட்கவைக்கிற மகிழ்ச்சிதான் ஒருவரைத் திரும்பத் திரும்ப வரவைக்கும்.

இந்த ரசனைக்கு வாதம் செய்யவும் ஒரு மேடை இந்த ஊரிலிருந்தே கிடைத்தது. பள்ளி ஆசிரியராக இருந்த திண்டுக்கல் ஐ.லியோனி பட்டிமன்ற மேடைக்குத் திரைப்பாட்டைக் கொண்டுவந்தார். பேச்சாளர்கள் பாட்டைப் பாடிக்காட்டி வாதாடினார்கள். அந்தப் பட்டிமன்றங்கள் கேசட்டாகவும் ஊரூராகப் போயின. இலக்கியத்துக்கு மட்டுமே உரியதாக இருந்த தீர்ப்பு மேடையில் சினிமாப் பாட்டா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஒரு பாட்டு ஏன் நல்ல பாட்டு என்று காரணம் சொல்லிப் பேச வேண்டும் என்ற பழக்கத்தை ஆயிரக்கணக்கானோர் கூடிய திடல்களில் அது வளர்த்தது என்பதால், அந்த முகச்சுளிப்பை நான் ஏற்கவில்லை. அடுத்து வந்தது கொடைக்கானல் பண்பலை. 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பு. பண்பலை அலை நேர்கோட்டில் போவதால், மலைமேல் நிற்கிற கோபுரத்துக்குச் சமவெளி முழுவதும் திறந்த வெளி. திண்டுக்கல்லைத் தாண்டியும் பல மாவட்டங்கள் அதைக் கேட்டன. மத்திய அலை கொண்டுவராத மேல்சுரங்கள் அதில் வந்தன. அதன்பின் கைப்பேசியும் இயர்போனும் வந்து, ஒவ்வொரு கருவியும் தலைக்குள் எங்கே நிற்கிறது என்பதுவரை காட்டிவிட்டன. 1980இல் ஒருவர் கேட்ட பாட்டும் 2010இல் அவரே கேட்ட பாட்டும் பதிவில் ஒன்றுதான். காதுக்கு வந்து சேர்ந்ததில் அவை இரண்டு வேறு பாட்டுகள்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். இதெல்லாம் இளமை நினைவு. பதினாறு வயதில் கேட்டது அறுபதிலும் இனிக்கும், அவ்வளவுதான் என்பார்கள். நினைவுக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நினைவு மட்டுமே காரணமென்றால், அது கேட்டதையே திரும்பக் கேட்கும். முன்பு கேட்காததைத் தேடாது. நான் மேலே காட்டிய ரசிகர் இளமையில் கேட்டதைவிட அதிகமாக இன்று கேட்கிறார். இன்னொரு சான்று நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கொடைக்கானல் குகையில் எடுத்த ‘குணா’ 1991இல் வந்தது. அந்தக் குகையையே களமாகக் கொண்ட ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் 2024 பிப்ரவரியில் வந்து, ‘குணா’வின் கடிதப் பாட்டைத் தன் உச்சக் காட்சியில் ஒலிக்கவிட்டது. மொழிமாற்றம்கூடச் செய்யாத அந்த மலையாளப் படம் தமிழ்நாட்டில் பெரிய வெற்றி பெற்றது. திரையரங்கில் கூடிய இளைஞர்களில் மிகப் பலர் 1991இல் பிறக்கவே இல்லை. அவர்களுக்கு அந்தப் பாட்டோடு எந்த இளமை நினைவு இருக்க முடியும்?

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கடுமையானது. தேநீர்க்கடை, பேருந்து, கல்யாண வீடு என்று எங்கும் அவர் பாட்டே ஒலித்ததால் மக்கள் பழகிப்போனார்கள். திணித்ததைத்தான் ரசனை என்கிறீர்கள் என்பது அது. சரி, ஒலித்தது அவர் பாட்டு மட்டுமா? அதே ஆண்டுகளில் அதே ஸ்பீக்கர்களில் சங்கர்-கணேஷ் பாட்டுகள் ஒலித்தன. டி.ராஜேந்தர், சந்திரபோஸ் பாட்டுகள் ஒலித்தன. அவருடைய தம்பி கங்கை அமரனே சொந்தமாக இசையமைத்த படங்களின் இனிய பாட்டுகளும் ஒலித்தன. ஒரே ஊர், ஒரே வீடு, ஒரே காலம். அவற்றில் பல இன்றும் மக்கள் முணுமுணுக்கிற நல்ல பாட்டுகள். ஆனாலும் அவற்றைப் பிரித்துப் பிரித்து முப்பது ஆண்டுகளாகக் கேட்கிற ரசிகர் கூட்டம் அந்த அளவில் உருவாகவில்லை. எங்கும் ஒலிப்பது ஒரு பாட்டைப் பழக்கமாக்கும். பழகிய பிறகும் புதிதாகக் கொடுக்க அதில் அடுக்குகள் இருந்தால் மட்டுமே பற்று பிறக்கும். முதலாவது வாய்ப்பின் வேலை, இரண்டாவது இசையமைப்பவரின் வேலை.

மூன்றாவது, இது வழிபாடாகிவிட்டது, குற்றம் குறை கேட்கவே ரசிகர்கள் தயாராக இல்லை என்ற புகார். இதில் உண்மை உண்டு. அவரைப் பற்றி ஒரு சொல் சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது ரசனைக்கு அழகல்ல. ஆனால் மெல்ல வளர்ந்த ரசிகரிடம் இந்தக் குறை குறைவாக இருக்கும் என்பேன். ஒரு பாட்டின் அடுக்குகள் தெரிந்தவருக்கு அடுக்கே இல்லாத பாட்டும் தெரிந்துவிடும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தவர் அவர்; அவசரத்தில் செய்தவையும், முன்பு செய்ததையே மாற்றிச் செய்தவையும் அவற்றில் கலந்திருக்கின்றன. அவற்றை முதலில் அடையாளம் காட்டுகிறவர்கள் அவருடைய ஆழ்ந்த ரசிகர்களே. 2017 மார்ச்சில் தன் பாட்டுகளை அனுமதியில்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று எஸ்.பி.பாலசுப்ரமணியம் உள்ளிட்டோருக்கு அவர் தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிக்கை போனபோது, ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து வாதாடினார்கள். படைத்தவருக்கு உரிமை உண்டு என்று ஒரு பக்கம். பாடிய குரலுக்கும் அதில் பங்கு உண்டு என்று மறுபக்கம். கண்ணை மூடிக்கொண்ட பக்தர்களாக இருந்திருந்தால் அந்த வாதமே நடந்திருக்காது. என் கருத்தைக் கேட்டால், படைத்தவரின் உரிமையை ஏற்கிறேன். ஆனால் திருவிழா மேடையில் பாடிப் பிழைக்கிற சிறு குழுக்களுக்கு அதில் தாராளமான விலக்கு இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். இந்தப் பாட்டுகள் ஊரில் வேர்விட்டதில் அவர்களுடைய உழைப்பும் இருக்கிறது.

இன்றைய பிள்ளைகளுக்கு இவ்வளவு காத்திருக்கத் தேவையில்லையே என்றும் கேட்கலாம். எல்லாப் பாட்டும் முழு ஒலியோடு முதல் நாளே கைக்கு வந்துவிடுகிறது. அதை இழப்பு என்று புலம்ப எனக்கு விருப்பமில்லை; குழாய் ஸ்பீக்கர் விழுங்கிய பாதியை இனி யாரும் இழக்க வேண்டியதில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் கருவி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் காது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். ஒரே பாட்டைப் பலமுறை கேட்பதற்கு மாற்று இன்னும் வரவில்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் சிம்பொனியை வாசித்தது. குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டுப் பழகியவருக்கு அது நீண்டதாகத் தோன்றும். பேஸ் கிட்டார் போகிற பாதையை ஒருமுறையாவது தொடர்ந்து போனவர், அதில் எந்தக் கருவியோடு நடக்கலாம் என்று கண்டுகொள்வார்.

கடைசியாக ஒன்று. நடிகரிடமிருந்து பாடகருக்கும், பாடகரிடமிருந்து இசையமைப்பாளருக்கும் நம் கவனம் ஏறி வந்தது. இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது. அந்த பேஸ் கிட்டாரை வாசித்தவர் சசிதரன். கிட்டாரில் சதானந்தம். கீபோர்டில் விஜி மானுவல். வயலினில் வி.எஸ்.நரசிம்மன். புல்லாங்குழலில் நெப்போலியன். கேசட் உறைகளில் பெரும்பாலும் இந்தப் பெயர்கள் அச்சாகவில்லை. அமெரிக்காவில் மோட்டவுன் நிறுவனத்தின் எத்தனையோ வெற்றிப் பாட்டுகளுக்கு பேஸ் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயரும் 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பு வரும்வரை உறையில் இல்லை. அங்கே பின்னாளில் அவரைப் போன்றவர்களைத் தேடிப்பிடித்துப் பெருமைப்படுத்தியவர்கள் ரசிகர்கள். அந்தப் பொறுப்பு இங்கே நமக்கும் இருக்கிறது. கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவிலும், சுற்றுவட்டாரத் திருவிழாக்களிலும் மெல்லிசைக் கச்சேரி நடக்கிறது. பாடுகிறவரின் பெயரை அறிவிக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். பின்வரிசையில் பேஸ் கிட்டாரும் ட்ரம்ஸும் ரிதம் பேடும் வாசிக்கிறவர்களும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். விழாக் கமிட்டியாரிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: அடுத்த திருவிழா நோட்டீசில் அவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும், அவர் வாசிக்கும் கருவியின் பெயரோடு சேர்த்து அச்சிடுங்கள்.